'காகசஸ் கைதிப் பெண்': இந்த மலையூரில் யாருக்கும் சொந்த மொழி கிடையாதா?

பழைய ரீல்

போன ஞாயிறு முழுக்க மழை. மோஸ்ஃபில்ம் என்கிற மாஸ்கோ ஸ்டூடியோவின் யூடியூப் பக்கத்தில் இயக்குநர் லியோனித் கைதாயின் 'காகசஸ் கைதிப் பெண்' (1967) படத்தைத் துணையெழுத்தோடு போட்டுவிட்டு மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறாள். நான் இதை நாலைந்து தடவை பார்த்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: ஷூரிக் என்கிற கண்ணாடிக்கார மாணவன், நாட்டுப்புறக் கதைகளையும் விருந்தில் கோப்பையைத் தூக்கிச் சொல்லும் வாழ்த்துரைகளையும் சேகரிக்கக் கழுதை மேல் ஏறி ஒரு காகசஸ் மலையூருக்கு வருகிறான். அங்கே நீனாவைப் பார்த்து மயங்குகிறான். ஊர்ப் பெரிய அதிகாரி சாஹோவுக்கும் நீனா மேல் கண். சாஹோவின் கார் டிரைவர் ஜப்ராயில்தான் அவளுடைய மாமா. ஆடுகளுக்கும் ஒரு ஃபின்லாந்து ஃபிரிஜ்ஜுக்கும் மருமகளை விலை பேசிவிடுகிறார். 'இது எங்கள் ஊர்ப் பழக்கம், பெண்ணே விரும்பித்தான் கடத்தச் சொன்னாள்' என்று சொல்லி, கடத்தும் வேலையையே ஷூரிக் தலையில் கட்டுகிறார்கள். அவனும் நம்பிக் கடத்துகிறான். மீதியைப் படத்தில் பாருங்கள்.

மகளும் சிரித்தாள். அந்தப் பேரம் பேசும் காட்சியில் என்னைவிட அதிகமாக. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏம்ப்பா, இந்த ஊரில் யாருக்கும் சொந்த மொழியே கிடையாதா?"

மாமாவும் அதிகாரியும் தனியாக இருக்கும்போதுகூட ரஷ்யன்தான் பேசுகிறார்கள். ஒரே ஒரு இடத்தில் 'உள்ளூர் மொழி' வருகிறது. கடத்தலுக்குக் கூட வரும் மூன்று கோமாளித் தடியன்களில் ஒருவராக நடித்த நிகூலின் 'பம்பர்பியா கெர்குது' என்கிறார். 'நீ மறுத்தால் கழுத்தை அறுத்துவிடுவார்களாம்' என்று அதற்கு மொழிபெயர்ப்பு, உடனே 'தமாஷ்!' அந்த மொழி உலகத்தில் எங்கேயும் கிடையாது. இத்தனை தடவை பார்த்தும் எனக்கு இது தோன்றவே இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வம்பு வாத்தியார்

ஆரம்பிச்சாச்சா! ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்துச் சிரித்த படம் சார் அது. அந்த வருடம் சோவியத் நாட்டிலேயே அதுதான் முதலிடம். 59 வயதான ஒரு தமாஷ் படத்தைப் பிடித்து நிறுத்தி, உன் பிரதிநிதித்துவச் சான்றிதழைக் காட்டு என்று கேட்டால் அது எங்கே போகும்? கோமாளி மொழி பேசுவது கோமாளிகள். கோமாளி அப்படித்தான் பேசுவான்.

தேன்மொழி

ரீல் சார், உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் தள்ளியும் வைக்கலாம்.

நீனா பேசுவதைக் கவனித்தீர்களா? மாமாவின் ரஷ்யனில் மலையூர் வாடை, அதிகாரியின் ரஷ்யனிலும் அதே வாடை. மருமகள் மட்டும் மாஸ்கோ வானொலியில் செய்தி வாசிப்பவள் மாதிரிப் பேசுகிறாள். நமக்குப் பிடிக்க வேண்டியவளுக்கு உச்சரிப்பில் குறை இல்லை. சிரிக்கப்பட வேண்டியவர்களுக்கு உண்டு. காதலிக்கத் தகுந்தவளாக்க அவளிடமிருந்து ஊரைக் கழற்றிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் குரலும் அவளுடையது இல்லை. நீனாவாக நடித்த நத்தாலியா வார்லேய் சர்க்கஸில் அந்தரத்தில் வித்தை காட்டிக்கொண்டிருந்த பெண், படம் வரும்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. வசனத்துக்கு நாதெஷ்தா ருமியான்த்சேவாவின் குரல். பாட்டுக்கு அய்தா வேதிஷ்சேவா. ஆக ஒரு நீனாவுக்கு மூன்று பெண்கள், மூவரில் ஒருத்தியும் காகசஸ் இல்லை. அவள் பாடுவதும் துருவக் கரடிகள் பூமியின் அச்சில் முதுகு தேய்ப்பதைப் பற்றி! (அந்தப் பாட்டு எனக்கு உயிர், அது வேறு விஷயம்.)

அப்புறம், பெண்ணைக் கடத்துவதை வைத்து நகைச்சுவை. அது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. உறங்குபையோடு அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நாம் சிரிக்கிறோம்.

வம்பு வாத்தியார்

உறங்குபையிலிருந்து வெளியே வந்த பிறகு அந்த மூன்று தடியன்களையும் அவள் படுத்தும் பாட்டை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்களே அம்மா. சாஹோவ் தட்டோடு உள்ளே போய் என்ன கதியில் வெளியே வருகிறார்? 'ஒன்று நான் இவளைத் திருமணப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் இவள் என்னை வக்கீலிடம் இழுத்துப் போவாள்' என்று புலம்புகிறார். பயந்தவர் யார்?

சட்டப்புள்ளி

வாத்தியாரே, அது வக்கீல் இல்லை, பிராசிக்யூட்டர். சோவியத்தில் அந்த நாற்காலிக்கு இருந்த பயமே தனி. சாஹோவ் பயந்ததற்குக் காரணமும் உண்டு. 1960ஆம் ஆண்டு ரஷ்யக் குடியரசின் குற்றவியல் சட்டத்தில் 'உள்ளூர்ப் பழக்கங்களின் எச்சமாக உள்ள குற்றங்கள்' என்று தனி அத்தியாயமே இருந்தது. மணப்பெண்ணுக்கு விலை கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். பெண்ணைக் கட்டாயப்படுத்தி மணம் முடிப்பது, இரண்டாம் தாரம் கட்டுவது எல்லாம் அதில் அடக்கம். இந்தப் பழக்கங்கள் எங்கே சமூகக் கேடாக இருக்கின்றனவோ அந்தப் பகுதிகளில் மட்டுமே அந்த அத்தியாயம் செல்லும். சட்டமே வரைபடத்தில் ஒரு கோடு போட்டு 'இந்தப் பக்கம் பழைய ஆட்கள்' என்று பிரித்து வைத்திருந்தது.

இப்போது படத்தைப் பாருங்கள். பேரம் எப்படி நடக்கிறது? மாமா 25 ஆடு கேட்கிறார், அதிகாரி 20 ஆட்டில் நிற்கிறார். மேலே ஃபிரிஜ், அரசாங்கப் பாராட்டுப் பத்திரம், இலவசப் பயணச் சீட்டு. ஆடு மட்டும்தான் மலைப்பழக்கம். மற்றதெல்லாம் ஒரு மாவட்ட அதிகாரியின் மேசை இழுப்பறையில் கிடக்கிற சாமான்கள்! எந்தத் தாத்தா காலத்தில் மணப்பெண்ணுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்? பேசுவதோ கட்சி மேடைப் பேச்சு. 'கொம்சோமோல் (கட்சியின் இளைஞர் அமைப்பு) உறுப்பினர், விளையாட்டு வீராங்கனை, அழகி' என்று நீனாவைப் பற்றிச் சொல்வதே ஆளெடுப்புப் படிவத்தை வாசிப்பது போலத்தான். அதனால் என் கட்சி: கைதாய் அடித்தது மலையை இல்லை, நாற்காலியை. பழக்கம் என்ற கம்பளத்தை நாற்காலி மேல் போர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

பழைய ரீல்

இதற்குத் தோதாக ஒரு கதை சொல்வார்கள். அந்த அதிகாரிக்கு முதலில் வைத்த பெயர் ஓஹோஹோவ். கலாசார அமைச்சகத்தில் அதே பெயரில் ஒருவர் இருந்ததால் சாஹோவ் என்று மாற்றினார்களாம். மாற்றிய பிறகு மோஸ்ஃபில்மின் கட்சிச் செயலர் பெயர் சாகோவ் என்று மறுபடி தகராறாம்! மலைக்காரர்கள் வருத்தப்படுவார்களோ என்று யாராவது கூட்டம் போட்டதாக மட்டும் நான் எங்கேயும் படித்ததில்லை.

படத் தொடக்கத்தில் ஒரு அறிவிப்பும் உண்டு. இந்தக் கதை எந்த மலைப்பகுதியில் நடந்தது என்று ஷூரிக் சொல்லவில்லை, ஏனென்றால் இதே கதை நடந்திருக்கக்கூடிய மற்றப் பகுதிகளுக்கு அது அநியாயமாகிவிடும் என்று. யாரையும் சொல்லவில்லை என்ற பாவனையில் எல்லோரையும் சொல்லிவிட்டார்.

லுமும்பா84

யாழ்ப்பாணத்திலிருந்து 84இல் மாஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவன் நான். இந்தப் படத்தை விடுதித் தொலைக்காட்சி அறையில்தான் முதலில் பார்த்தேன். எனக்கு ரஷ்யன் அப்போது அரைகுறை, பகிடி பாதிதான் விளங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் வசனத்தை நடிகர்களுக்கு முன்னமே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என்னுடைய அறைத் தோழன் ஆர்மீனியன், லெனினகானில் பிறந்தவன். ஜப்ராயிலாக நடித்த ஃப்ரூன்சிக் ம்கர்த்சியானும் அதே ஊர். அதனால் அவனுக்கு அது சொந்த மாமா நடித்த படம் மாதிரி. 'ஃப்ரூன்சிக் எங்கட ஆள். ஆனால் சாஹோவ் இருக்கிறானே, அவன் சுத்தமான அஸெரி, நடையைப் பார், தெரியும்' என்பான். எதிர் அறையில் அஸெர்பைஜானின் பாகூவிலிருந்து வந்த பெடியன் ஒருவன். அவனைக் கேட்டால் 'சாஹோவா? ஆர்மீனியன்தான், அந்த மூக்கைப் பாரன்' என்பான். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இதைக் கதைத்தார்கள். 88இல் கரபாக் பகுதிக்காக ஆர்மீனியர்களும் அஸெரிகளும் மோதத் தொடங்கிய பிறகு அந்தத் தேத்தண்ணி இல்லை.

சாஹோவாக நடித்த விளாதிமிர் எத்தூஷ் மாஸ்கோவில் பிறந்த யூதர். போர்க்காலத்தில் காகசஸ் மலைகளில் சண்டை பிடித்தவர், அங்கே பார்த்த ஆட்களை மனதில் வைத்து நடித்தார். படம் வெளிவந்த பிறகு சந்தைக்குப் போனால் காகசஸ் வியாபாரிகள் அடிப்பார்களோ என்று பயந்தாராம். போனால் ராச உபசாரம்! ஒவ்வொரு இனத்தவரும் அவரைப் பக்கத்து இனம் என்று நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்த விசயம் இது. அதை வாசித்தபோது எனக்கு விடுதி அறைதான் ஞாபகம் வந்தது.

அதனால் தேன்மொழி தங்கச்சி சொல்வதை முழுக்க மறுக்க மாட்டேன், ஆனால் ஊர்பேர் இல்லாமல் எடுத்ததால்தான் அந்தப் படம் பிழைத்தது. தொண்ணூறுகளில் மாஸ்கோவில் 'காகசஸ் தேசியத்தைச் சேர்ந்த முகம்' என்று ஒரு காவல்துறைச் சொல் புழக்கத்துக்கு வந்தது. அதுவும் ஊர்பேர் இல்லாத சொல்தான். ஆர்மீனியன், ஜார்ஜியன், செச்சென், ஒசெத்தியன் எல்லாம் அதற்குள் ஒரே முகம். அந்தச் சொல்லைக் கேட்டபோது சாஹோவை நினைத்துச் சிரிப்பு வரவில்லை.

தேன்மொழி

லுமும்பா அண்ணா, உங்கள் கடைசிப் பத்திக்கு நன்றி. நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் நின்றது அதுதான்.

சட்டப்புள்ளி சொன்ன நாற்காலி வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: படத்தில் பெரிய முட்டாள் யார்? ஷூரிக். பழக்கவழக்கத்தைக் குறிப்பேட்டில் எழுத வந்தவன். மலைக்காரர்கள் என்றால் பெண்ணைக் கடத்துவார்கள், அவளே ஆசைப்படுவாள் என்று எவன் சொன்னாலும் அவனுக்கு உடனே கண் விரிகிறது. நகரத்துப் படித்த பிள்ளையின் அந்த ஆசைதான் குற்றத்துக்கே சாவி. தியேட்டரில் உட்கார்ந்திருந்த மாஸ்கோக்காரர்களுக்குக் கைதாய் காட்டிய கண்ணாடி அது. பார்த்தவர்கள் அதில் தங்கள் முகத்தைப் பார்த்தார்களா, அதைத்தான் சந்தேகப்படுகிறேன். 'நான் சுல்தானாக இருந்தால் மூன்று மனைவி வைத்திருப்பேன்' பாட்டுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வம்பு வாத்தியார்

அந்தப் பாட்டிலேயே மூன்று மனைவி என்றால் மூன்று மாமியார் என்று வருகிறது. அது சுல்தானைப் பற்றின பாட்டு இல்லை, மாமியாரைப் பற்றின பாட்டு. மாமியார் எல்லா ஊரிலும் உண்டு.

(ஷூரிக் விஷயம் நல்ல புள்ளி. ஒத்துக்கொள்கிறேன். இதை யாரும் படம்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டாம்.)

சட்டப்புள்ளி

படம்பிடித்தாயிற்று.

பழைய ரீல்

யாரோ ஒருவர் தனிச்செய்தியில் 'சர்க்கஸ்' (1936) படத்தோடு ஒப்பிடுங்கள் என்று கேட்டிருந்தார். அது இதற்கு நேர் எதிர்த் துருவம். அமெரிக்காவிலிருந்து விரட்டப்பட்ட வெள்ளைக்கார சர்க்கஸ்காரி, அவளுக்குக் கறுப்பினக் குழந்தை ஒன்று. முடிவில் மாஸ்கோ சர்க்கஸ் அரங்கில் வெவ்வேறு இனத்தார் அந்தக் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி அவரவர் மொழியில் தாலாட்டுகிறார்கள். இங்கே சொந்த மொழி இல்லையென்று பேசுகிறோமே, அங்கே அத்தனை மொழியும் உண்டு. யூதர்களின் இத்திஷ் மொழியில் தாலாட்டியவர் நடிகர் சாலமன் மிஹோயல்ஸ். 1948இல் ஸ்டாலினின் ஆட்களே அவரைக் கொன்றார்கள், அவர் பாடிய துண்டையும் படத்திலிருந்து வெட்டினார்கள். பிற்காலத்தில்தான் திரும்பச் சேர்த்தார்கள். எல்லோரையும் திரையில் நிறுத்திவிட்டால் மட்டும் காரியம் ஆகிவிடுமா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். அந்தக் குழந்தையாக நடித்த ஜிம் பேட்டர்சன் வளர்ந்து சோவியத் கடற்படை அதிகாரியானார், கவிஞரும் ஆனார்.

காகசஸ்காரர்களையே எடுத்துக்கொண்டால் 'மிமினோ' (1977) பாருங்கள். இயக்குநர் கியோர்கி தனேலியா ஜார்ஜியர். ஜார்ஜிய ஹெலிகாப்டர் ஓட்டி ஒருவன் ஒரு விமானப் பணிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பெரிய விமானம் ஓட்டும் ஆசையில் மாஸ்கோவுக்கு வருகிறான். ஆர்மீனிய லாரி ஓட்டியாக அதே ஃப்ரூன்சிக். ஊரில் இருக்கும்போது ஜார்ஜிய மொழி காதில் விழுகிறது. அங்கேயும் சிரிக்கிறோம், ஆனால் அவர்களோடு உட்கார்ந்து சிரிக்கிறோம்.

லுமும்பா84

மிமினோவைப் பற்றி என் அறைத் தோழன் அபிப்பிராயமே சொல்ல மாட்டான். வசனத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பான்.

சிம்ஃபெரோபோல் டாக்டர்

தாமதமாக வருகிறேன், இரவுப் பணி. இங்கே ஒருவரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது: அந்தப் படத்தில் தெரியும் மலை பெரும்பாலும் காகசஸே இல்லை. கருங்கடல் ஓரத்துக் கிரீமியா. ஆற்றுக் காட்சிக்குத் தண்ணீர் போதாமல் காகசஸில் க்ராஸ்னயா பொல்யானா பக்கம் ம்ஸிம்தா ஆற்றுக்குப் போனார்கள். மற்றபடி 1966இல் பெரும்பகுதியை எடுத்தது அலுஷ்தாவைச் சுற்றித்தான்.

நான் அதே கிரீமியாவில், சிம்ஃபெரோபோலில் மருத்துவம் படித்தேன், 2006 முதல் ஆறு வருடம். நம்மூர்ப் பிள்ளைகள் அப்போது அங்கே நிறைய. விடுமுறை நாளில் டிராலிபஸ் பிடித்து அலுஷ்தா பக்கம் போவோம். மேலே தெமெர்ஜி என்றொரு மலை. காற்று செதுக்கிய பாறைகள் தூண் தூணாக நிற்கும், அந்த இடத்துக்குப் பேய்ப் பள்ளத்தாக்கு என்று பெயர். நீனா ஏறி நின்று ஆடும் பாறை அங்கேதான் இருக்கிறது, 'வார்லேய் பாறை' என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் நிகூலின் ஏறி உட்கார்ந்த வால்நட் மரம், அதற்கும் அவர் பெயர்தான். வருகிறவர்கள் எல்லோரும் பாறையில் ஏறி இடுப்பை வளைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்களும் எடுத்தோம்.

கீழே உள்ள கிராமத்தின் பெயர் லுச்சிஸ்தோயே. அது 1945இல் வைத்த பெயர். அதற்கு முன்னால் அதுவும் தெமெர்ஜிதான், அங்கே காலங்காலமாக வாழ்ந்த தாத்தார் இனத்தவரின் ஊர். 1944 மே 18 அன்று ஸ்டாலின் ஆட்சி கிரீமியத் தாத்தார்களை நாடுகடத்தத் தொடங்கியது. ஒரே மூச்சில் ரயிலேற்றி, பெரும்பாலானவர்களை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 1,90,000 பேர். அதே வருடம் பிப்ரவரியில் காகசஸிலிருந்து செச்சென்களும் இங்குஷ்களும் இதேபோல் ரயிலேற்றப்பட்டார்கள். செச்சென்களை 1957இல் திரும்ப விட்டார்கள். தாத்தார்களைச் சோவியத்தின் கடைசிக் காலம்வரை விடவில்லை. கைதாயின் குழு அங்கே கேமராவை வைத்தபோது அந்த ஊர்க்காரர்கள் வெளியேற்றப்பட்டு 22 வருடம் ஆகியிருந்தது. உண்மையான மலையூர்க்காரர்கள் இல்லாத மலையில் ஒரு பொதுவான மலையூரைக் கட்டினார்கள். சொந்த மொழி ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

கைதாய் இதையெல்லாம் யோசித்து அங்கே போனார் என்று நான் சொல்லவில்லை. வெயில் நன்றாக அடிக்கும், பாறை அழகு, கடலும் பக்கம். படக்குழுவுக்கு வேறென்ன வேண்டும்?

வம்பு வாத்தியார்

டாக்டர், இது தெரியாது எனக்கு. நிஜமாகவே தெரியாது.

அந்த ஊர்க்காரர்கள் அப்புறம் திரும்பி வந்தார்களா? அவர்கள் இந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அவமானமாக நினைப்பார்களா?

சிம்ஃபெரோபோல் டாக்டர்

89க்குப் பிறகு நிறையப் பேர் திரும்பினார்கள். விட்டுப்போன வீடுகள் வேறு ஆட்கள் கையில், அதனால் பலர் வெளியே பொட்டல் நிலத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

எல்லோர் சார்பாகவும் நான் சொல்ல முடியாது. ஒருவரைத் தெரியும். அந்த மரத்துக்குப் போகும் வழியில் மேசை போட்டு, மலைச் செடிகளைக் காய வைத்துத் தேநீருக்கு விற்றுக்கொண்டிருந்த தாத்தார் பெரியவர். உஸ்பெகிஸ்தானில் பிறந்தவர். நாங்கள் பாறையில் ஆடிவிட்டு இறங்கி வந்தபோது எங்கள் ரஷ்யனைக் கேட்டுச் சிரித்தார், அப்படியே பேச்சு வளர்ந்தது. படம் பிடிக்குமா என்று கேட்டேன். நல்ல படம், நிகூலின் மாதிரி ஆள் இனி வருவானா என்றார். அப்புறம்தான் சொன்னார்: தாஷ்கண்டில் படம் வந்தபோது அவருடைய அப்பா ஒரே வாரத்தில் மூன்று தடவை போனாராம். பொதுவாகப் படத்துக்கே போகாத மனுஷன். மூன்றாவது தடவை இவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது குனிந்து இவர் காதில், "பெண்ணைப் பார்க்காதே, பின்னாலே பார். அதுதான் நம் ஊர்" என்றாராம்.

பழைய ரீல்

எந்தக் காட்சி டாக்டர்?

சிம்ஃபெரோபோல் டாக்டர்

கரடிப் பாட்டு.